கியரை இளைக்க வைப்பதில் லாபமில்லை

வெல்டிங் பட்டறையில் கிர்ரென்று கத்துகிற ஆங்கிள் கிரைண்டரைப் பார்க்காதவர்கள் குறைவு. 1954-ல் ஜெர்மனியில் பிறந்த கருவி அது. மோட்டார் நெடுக்காகக் கிடக்கும், வட்டு அதற்குக் குறுக்கே சுற்றும். இந்தத் திசைமாற்றத்தைச் செய்வது தலைப்பகுதிக்குள் கிரீஸில் கிடக்கும் ஒரு ஜோடி பெவல் கியர். நாள் முழுக்கக் கையில் பிடிக்கிற சாமான் என்பதால் எடை குறைய வேண்டும் என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அதற்காகக் கியரில் கை வைப்பது அசட்டுச் சிக்கனம்.

கணக்குப் பாருங்கள். பல் எண்ணிக்கையை மாற்றாமல் கியரின் எல்லா அளவையும் 20 சதவீதம் குறைத்தால் எடை கிட்டத்தட்டப் பாதியாகிவிடும் (0.8-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.512). ஆஹா! ஆனால் முறுக்கு விசை அதேதானே? ஆரம் குறைந்ததால் பல்லின் மேல் விழும் விசை கூடுகிறது. பல்லின் அகலமும் தடிமனும் குறைகின்றன. எல்லாம் சேர்ந்து பல்லின் அடியில் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மிச்சம் பிடித்த எடைக்குச் சரியாக அதே அளவு பலம் போய்விட்டது. உண்மையில் நஷ்டமே, ஏனென்றால் அழுத்தம் இரட்டிப்பானால் எஃகின் ஆயுள் பாதியோடு நிற்காது, பல மடங்கு குறையும்.

சரி, பல்லை அகலமாக்கிவிடலாமே என்பார்கள். சாதாரண கியரில் சரி. பெவல் கியர் கூம்பு வடிவம். உள்ளே போகப் போகப் பல் ஒல்லியாகிறது. அதனால்தான் பல்லின் அகலம் கூம்பின் சாய்வு நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது வழக்கம். அதற்குமேல் சேர்ப்பது வெறும் எடை. பல்லைச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு மாதிரி பாவித்துக் கணக்குப் போட 1892-லேயே வில்ஃப்ரெட் லூயிஸ் வழி காட்டிவிட்டார். சன்ஷேடு எங்கே விரிசல் விடும்? சுவரோடு சேரும் இடத்தில். அந்த மூலையை நன்றாக வளைத்து விடுவதற்கு ஒரு கிராம்கூடச் செலவில்லை.

நிஜமான லாபம் இன்னும் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, பதப்படுத்துதல். மேல்தோலில் கார்பன் ஏற்றிக் கடினமாக்கி, உள்ளே இளகலாக விட்ட எஃகுப் பல், அதே அளவில் அதிகம் தாங்கும். இன்னொன்று வேகம். 700 வாட்டை நிமிடத்துக்கு 11,000 சுற்றில் கடத்தினால் முறுக்கு விசை சுமார் 0.6 நியூட்டன் மீட்டர்தான். அதே வாட்டை 1,100 சுற்றில் கடத்தினால் 6. கிரைண்டரின் கியர் இவ்வளவு சின்னதாக இருந்தும் தப்பிப்பது இந்த வேகத்தால்.

ஆனால் 0.6-ஐ மட்டும் நம்பி அளவு போடுபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வட்டு இரும்பில் சிக்கும் நொடியில், முழு வேகத்தில் சுற்றும் மோட்டாரின் உருளை தன் வேகம் அத்தனையையும் அந்தச் சின்னப் பல்லில் இறக்கும். அந்த அடிதான் கியரின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். அல்லது சிக்கினால் நழுவும் கிளட்ச் வைக்க வேண்டும். சில கருவிகளில் இருக்கிறது, விலைதான் கூடுதல்.

விலை என்றதும் ஞாபகம் வருவது மலிவு ஸ்பேர் கியர். பல் தேய்ந்தால் பெரியதை மட்டும் மாற்றிவிட்டுத் தேய்ந்த பினியனை அப்படியே விடுகிறார்கள். பழைய பல்லோடு உரசி, புதுசும் சீக்கிரமே கத்த ஆரம்பிக்கும்.