கொடுப்பதும் கூடநிற்பதும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் நமது ஊர்களிலே ஒரு தனிக் களை தோன்றுவதுண்டு. பாடசாலை வாயிலில் பதாகை கட்டப்படும். சித்தியடைந்தோரின் படங்கள் பத்திரிகைகளை அலங்கரிக்கும். சில கிழமைகளில் இவ்வாரவாரம் அடங்கிவிடும். அதன் பின்னரே வசதி குறைந்த இல்லங்களில் வேறொரு கணக்குத் தொடங்குகின்றது. அறைக்கு எவ்வளவு, பயணத்துக்கு எவ்வளவு, முதல் மாதச் சாப்பாட்டுக்கு எவ்வளவு என்னும் கணக்கு அது. அதனைப் பற்றியே இவ்வாரம் வாசகர்களோடு சிறிது பேச விரும்புகின்றேன்.

1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கீழ்வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்க வழி பிறந்தது. கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கரா அவர்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. கட்டணத்தை நீக்கினாலும் ஏழைப் பிள்ளையின் தடைகள் யாவும் நீங்கிவிடா என்பதை உணர்ந்தே, கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகளை எழுப்பி, திறமையுள்ள பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, விடுதியில் வைத்து உணவும் இடமும் அளித்துக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் செய்தார். அங்கே பிள்ளைக்குக் கிடைத்தது பணவுதவி மாத்திரமன்று. எப்பொழுதும் அருகே ஓர் ஆசிரியர் இருந்தார். இந்த இரண்டாவது உதவியின் அருமையை நாம் இன்று மறந்துவிட்டோமோ என்று எண்ணத் தோன்றுகின்றது.

பல்கலைக்கழகம் புகுவோருக்கு இன்று துணைநிற்பது மகாபொல புலமைப்பரிசில். 1981ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் இதற்கான நிதியம் அமைக்கப்பட்டது. மகாபொல என்பது பெருஞ்சந்தை எனப் பொருள்படும் சிங்களச் சொல். வர்த்தகக் கண்காட்சிகளிலும் லொத்தர்ச் சீட்டிலும் திரட்டிய பணம் மாணவரின் படிப்புக்குப் பயன்பட்டமை பாராட்டத்தக்கதே. இது கிடைக்காதோருக்கு, குடும்ப வருமானத்தைப் பொறுத்து, வேறோர் உதவுதொகையும் உண்டு. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலே மகாபொல மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. உயர்ந்த அத்தொகையையும் முப்பது நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 250 ரூபா. உணவும் அறையும் பயணமும் நூல்களும் இதற்குள் அடங்க வேண்டும். அதுவும் பல்கலைக்கழகம் புகுந்த அன்றே கைக்கு வருவதன்று. ஆகவே, ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வெளிநாடுகளில் வாழும் நம்மவரும் அளிக்கும் உதவி மிக அவசியமானதே.

ஆயினும், பணம் வந்த பின்னும் படிப்புக் கைநழுவிப் போவதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் கற்ற கடற்றொழிலாளியின் மகளொருத்திக்கு மாத்தறையிலுள்ள றுகுணுப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் விஞ்ஞானம் பயில இடங் கிடைத்தது. ஊர்ச் சங்கமொன்று பணமும் கொடுத்தது. எனினும் தாயார் அனுப்ப இசையவில்லை. “முன்பின் தெரியாத ஊருக்குக் குமர்ப்பிள்ளையை எப்படி ஐயா தனியே அனுப்புகிறது?” என்று கேட்டார். அக்கேள்விக்குக் காசோலையில் விடையில்லை. அங்கே ஏற்கெனவே பயின்றுகொண்டிருந்த அயற்கிராமத்து மாணவி ஒருத்தி தொலைபேசியில் அத்தாயாரோடு பேசினாள். “அம்மா, நான் கொழும்பு நிலையத்தில் வந்து நிற்பேன்; என்னுடைய அறையிலேயே தங்கலாம்” என்றாள். அடுத்த கிழமையே பிள்ளை புறப்பட்டாள், இன்று பட்டதாரி. அவளை மாத்தறைக்கு அனுப்பியது அந்த ஒரு வார்த்தையேயாகும்.

இத்தகைய துணை தேவைப்படும் இடங்கள் பல. பல்கலைக்கழக விண்ணப்பத்திலே பாடநெறிகளை விருப்ப வரிசையில் குறிப்பிட வேண்டும். முடிவுத் திகதிக்குப் பின் அதனை மாற்ற இயலாது. படித்தவர்கள் நிறைந்த வீட்டில் அண்ணனோ மாமாவோ பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்வார். வீட்டிலே முதன்முதலாக உயர்கல்விக்குச் செல்லும் பிள்ளைக்கு அவ்வாறு சொல்ல யார் இருக்கின்றார்? கிராம அலுவலரிடம் வருமானச் சான்று பெறுதல், வங்கிக் கணக்குத் திறத்தல், உதவுதொகைப் படிவம் நிரப்புதல் ஆகியன சிறு காரியங்களே. ஆனால் ஒரு திகதி தவறினால் ஓராண்டு உதவியே தவறக்கூடும். அரச பல்கலைக்கழகம் கிட்டாதோருக்கென 2017இல் தொடங்கப்பெற்ற வட்டியற்ற கடன் திட்டத்தையும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையத்தையும் அறியாத பெற்றோர் எத்தனை பேர்! இவற்றைச் சொல்லிக்கொடுக்கப் பொருள் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

முன்னாளில் உபகாரச் சம்பளம் என்று வழங்கியதையே இன்று புலமைப்பரிசில் என்கின்றோம். முன்னைய சொல்லிலே கொடுப்பவர் தெரிகின்றார். பின்னையதிலே பிள்ளையின் புலமை தெரிகின்றது. சொல் மாறியும் மனம் மாறாதவர் சிலர் உளர். பிள்ளையை மேடையேற்றி, காசோலையைப் பிடிக்கச் செய்து, படமெடுத்து, வறுமையை ஊரறியப் பறைசாற்றுகின்றனர். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு மானம் பெரிது. அப்படத்துக்கு அஞ்சியே உதவி கேளாதோரும் உண்டு. வீடுதோறும் பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்திய வழக்கம் நமது ஊர்களுக்குரியது. எந்தப் பிடி எந்த வீட்டதென்று பானைக்குள் எவரும் தேடவில்லை. எனினும் நாள் தவறாது வந்தது. உதவி அவ்வாறே சிறிதாயினும் தொடர்ந்து, பெயரின்றி வருதல் வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் உத்தியோகத்தர்களுக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. ஒருவர் ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்று, படிப்பு முடியும் வரை உடனிருங்கள். மாதம் ஒருமுறை “சாப்பாட்டுக்குக் குறைவில்லையா? பாடம் விளங்குகின்றதா?” என்று கேளுங்கள். முதலாம் ஆண்டிலே, ஆங்கிலமும் அந்நியச் சூழலும் ஒருங்கே அழுத்தும்போது, மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பும் எண்ணம் பல பிள்ளைகளுக்கு வரும். அந்த வேளையில் கேட்கும் பழகிய குரல் பெரும் பலமாகும்.

மாணவச் செல்வங்களே, நீங்களும் கேட்க வெட்கப்படாதீர்கள். வறுமை உங்கள் குற்றமன்று. வழி கேட்பது இழிவுமன்று. இன்றே உங்கள் ஆசிரியர் ஒருவரிடஞ் சென்று நிலைமையை ஒளியாது கூறுங்கள். நாளை நீங்கள் முன்னே சென்று சேர்ந்ததும், பின்னே வரும் தம்பி தங்கையருக்காகப் புகையிரத நிலையத்திலே சென்று நில்லுங்கள்.