பெட்டி எப்போது வரும் என்று சொல்லக் கூடாதா?

"அடுத்த வாரம் அனுப்பிவிடுவோம் சார்." எட்டு மாதத்தில் இந்த ஒரே பதிலைப் பதினொரு முறை கேட்டவர் என் அப்பா. பதினொரு முறை என்று எப்படிச் சரியாகச் சொல்கிறேன் என்று கேட்கிறீர்களா? கொருக்குப்பேட்டை சரக்கு ரயில் யார்டில் வண்டி வந்த நேரம், போன நேரம் எழுதியே வேலை பார்த்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு போன் பேச்சையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

அவர் காத்திருந்தது ஒரு ஹை-ஃபை மியூசிக் சர்வருக்காக. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வாசகர்களுக்கு இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். பார்க்க ஆம்ப்ளிஃபையர் போல இருக்கும். உள்ளே ஒரு சிறிய கம்ப்யூட்டரும் ஹார்ட் டிஸ்க்கும் இருக்கும். உங்களிடம் உள்ள ஆடியோ சிடிக்களை ஒவ்வொன்றாகப் போட்டால் பாடல்களைத் தரம் குறையாமல் பதிந்துகொள்ளும். பிறகு சிடியைத் தேட வேண்டாம். மொபைலில் பெயரைத் தட்டினால் ஹாலில் உள்ள ஸ்பீக்கரில் பாட்டு வரும். ஒரே சிடியில் இரண்டு படங்கள் வந்த காலத்திலிருந்து சேர்த்த முந்நூறு சிடிக்கள் அப்பாவிடம் உண்டு. பணிக்கொடையில் ஒரு பகுதியை எடுத்து, விலையில் பாதியை ஒரு நிறுவனத்தின் இணையதளத்தில் முன்பணமாகக் கட்டினார். பெட்டிக்காக ஹாலில் ஓர் அலமாரியும் செய்து வைத்தார். அந்த அலமாரி எட்டு மாதம் காலியாகவே இருந்தது. "இன்னாப்பா, பெட்டி வந்துச்சா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பதற்கே பயந்து, மாலையில் வாசலில் உட்காருவதைக்கூட விட்டுவிட்டார்.

ஒருநாள் என்னிடம் கேட்டார்: "ஏம்பா, உங்க சாஃப்ட்வேர் ஆளுங்க எல்லாருமே இப்படித்தானா?"

எனக்குச் சுருக்கென்றது. நானும் சாஃப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன்தான். எனவே உள்ளே இருப்பவன் என்ற முறையிலேயே பதில் சொல்கிறேன்.

தாமதம் ஏன் வருகிறது?

இத்தகைய பெட்டியில் தகரமும் வயரும் செய்வது எளிது. கஷ்டம் சாஃப்ட்வேரில்தான். தமிழ்ப் பாடல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இளையராஜாவின் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு சிடியிலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள். நாம் பார்த்தால் ஒரே ஆள் என்று தெரியும். கம்ப்யூட்டருக்கு அவர்கள் நான்கு பேர். பாட்டைப் பதியும்போது கரண்ட் போனால் பட்டியலே கெட்டுப் போகலாம். வைஃபை ஒரு நொடி அறுந்தால் பாட்டு நின்றுவிடும். இதையெல்லாம் சோதித்துச் சரிசெய்ய நாளாகும். "தொண்ணூறு சதவீதம் முடிந்தது" என்று நாங்கள் சொல்லும்போது, மீதி பத்து சதவீதத்துக்கு அதே அளவு காலம் தேவைப்படுவது சகஜம். ஆகவே தாமதத்துக்காக மட்டும் யாரையும் திட்ட மாட்டேன்.

ஆனால், எங்கள் பகுதி ரயில்வே கேட்டில் காத்திருந்தவர்களுக்கு ஒன்று தெரியும். கண்ணெதிரே கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தால் யாரும் கோபப்படுவதில்லை. வண்டியே கண்ணில் படாமல் கேட் மட்டும் மூடிக் கிடந்தால்தான் ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும். வாடிக்கையாளரின் எரிச்சலும் இதே ரகம்தான். என்ன நடக்கிறது என்று சொல்லாமல் விடுவதுதான் அவரைக் கோபப்படுத்துகிறது.

நம் நாட்டுக்கு இது புதிதல்ல. 2011 அக்டோபர் 5 அன்று டில்லியில் ஆகாஷ் டேப்லட் பெரும் விளம்பரத்தோடு அறிமுகமானது. அதை ஒட்டி, பொதுமக்களுக்கு 2,999 ரூபாய்க்கு யூபிஸ்லேட் என்ற மாடல் அறிவிக்கப்பட்டது. முன்பதிவு செய்து பணமும் கட்டிய பலர் மாதக்கணக்கில் காத்திருந்ததாக 2012-ல் செய்திகள் வந்தன.

இன்னொரு விதமாகவும் நடந்துகொள்ள முடியும். உலகெங்கும் சிப் தட்டுப்பாடு வந்தபோது, இங்கிலாந்தின் ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் சின்னஞ்சிறு கம்ப்யூட்டர் போர்டுகளும் கிடைக்கவில்லை. 2021 அக்டோபரில் அந்நிறுவனம் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லி, ஒரு மாடலின் விலையை 35 டாலரிலிருந்து 45 டாலராக உயர்த்தியது. 2022 டிசம்பரில், அடுத்த ஆண்டு நிலைமை சீராகும் என்று அறிவித்தது. வாங்க வந்தவர்களுக்கு வருத்தம்தான். ஆனால் காத்திருப்பதா, வேறு வழி பார்ப்பதா என்று அவர்களால் முடிவெடுக்க முடிந்தது. என் அப்பாவுக்குக் கிடைக்காதது அதுதான்.

என் தொழிலில் உள்ளவர்களுக்கு என் கருத்து இது. தெரியாத தேதியைச் சொல்லாதீர்கள். சொன்ன தேதி தவறும் என்று தெரிந்தால், அந்தத் தேதி வருவதற்கு முன்பே சொல்லுங்கள். "காத்திருக்கிறீர்களா, பணத்தைத் திருப்பி அனுப்பட்டுமா?" என்று நீங்களே கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாங்குபவர்களும் ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020-ன்படி, குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு தாமதமாக வரும் பொருளை ஏற்க மறுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இயற்கைச் சீற்றம் போன்ற, விற்பவரின் கையை மீறிய காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இணையத்தில் விற்பவர்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள்ளும், தீர்வை ஒரு மாதத்துக்குள்ளும் தெரிவிக்க வேண்டும்.

இதில் "குறிப்பிட்ட தேதி" என்பதைக் கவனியுங்கள். "அடுத்த வாரம்" என்று போனில் சொன்னதை எப்படி நிரூபிப்பீர்கள்? எனவே முன்பணம் கட்டுவதற்கு முன்பே, அனுப்பும் தேதியை இமெயிலில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் பணம் கட்டாதீர்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

அப்பாவிடம் பணம் கட்டிய ரசீதில் ஒரு தேதி அச்சாகியிருந்தது. அதையும் நோட்டில் இருந்த பதினொரு தேதிகளையும் ஒரே கடிதத்தில் டைப் செய்து குறைதீர் அலுவலருக்கு அனுப்பினோம். பன்னிரண்டாவது "அடுத்த வாரம்" வரவில்லை. மூன்று வாரத்தில் பணம் வந்தது.

வீட்டிலேயே ஒரு வழி

அலமாரி? அதில் இப்போது எங்கள் பழைய கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. நீங்களும் முயன்று பார்க்கலாம். ஆடியோ சிடியில் ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 10 எம்.பி. இடம் தேவை. ஒரு மணி நேர சிடிக்கு 600 எம்.பி. ஃப்ளாக் என்ற வடிவில் பதிந்தால், தரம் சற்றும் குறையாமல் ஏறக்குறைய பாதி இடம் போதும். முந்நூறு சிடிக்கு 100 ஜி.பி. அளவில் முடிந்துவிடும். விண்டோஸில் உள்ள பழைய மீடியா பிளேயரில், ரிப் செட்டிங்ஸ் பகுதியில் ஃபார்மட் என்பதை ஃப்ளாக் என மாற்றிவிட்டு சிடியைப் போடுங்கள்.

கம்ப்யூட்டரின் பின்புறம் உள்ள பச்சை நிறத் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு ஆடியோ கேபிள் போதும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். மொபைலிலிருந்து இயக்க லிரியன் மியூசிக் சர்வர் என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. இது ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற மியூசிக் பிளேயருக்காக எழுதப்பட்டது. அந்த பிளேயரின் விற்பனையை லாஜிடெக் நிறுவனம் 2012-ல் நிறுத்தியது. ஆனால் சாஃப்ட்வேர் ஓப்பன் சோர்ஸ் என்பதால் ஆர்வலர்கள் இன்றும் அதைப் பராமரித்து வருகிறார்கள்.

விலை உயர்ந்த பெட்டியின் ஒலித்தரம் இதில் வரும் என்று சொல்ல மாட்டேன். மின்விசிறி சத்தம் கொஞ்சம் கேட்கும். ஆனால் அப்பா மாலையில் மறுபடி வாசலில் உட்காருகிறார், ஹாலில் பாட்டு ஓட. பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய சிடிக்களைக் கொண்டுவந்து கொடுத்து, "எனக்கு எப்போ பதிஞ்சு தருவே?" என்று என்னைக் கேட்டார். "அடுத்த வாரம்" என்று வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, வரும் ஞாயிற்றுக்கிழமையின் தேதியைச் சொன்னேன். அப்பா உடனே நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார்.