கம்பு கொடுத்த கை



மாதா, பிதா, குரு, தெய்வம் என்று வரிசை போட்டுச் சொல்லிவிட்டார்கள் பெரியவர்கள். சொல்வது சுலபம். அந்த வரிசை உண்மையா என்று தற்காப்புக் கலை படிக்கிற இடத்தில்தான் தெரியும். பரீட்சையில் தப்பு செய்தால் மார்க் குறையும். கம்பில் தப்பு செய்தால் விரல் முட்டி வீங்கும். அடிக்கச் சொல்லிக் கொடுக்கிறவர், நமக்கு அடிபடாமலும் பார்த்துக்கொள்கிறார். அந்த நம்பிக்கையில் பிறந்த உறவு ஆயுசுக்கும் நிற்க வேண்டாமா? நிற்கிறதா? இதுதான் என் கேள்வி.

முதலில் ஏகலைவன் கதையைப் பேசிவிடுவோம். துரோணர் அவனுக்கு வில்வித்தை சொல்லித்தர மறுத்தார். அவன் மண்ணில் அவர் உருவத்தைச் செய்து வைத்துத் தானே கற்றுக்கொண்டான். கடைசியில் வலது கைக் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டார், கொடுத்தான். இதைக் குருபக்தி என்று மேடையில் பாராட்டுகிறார்கள். சிறந்த பயிற்சியாளர்களுக்கு 1985 முதல் மத்திய அரசு தரும் விருதுக்கும் துரோணாச்சாரியார் பெயர்தான். என் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அதனாலோ என்னவோ, இந்தக் கதையில் என் கண் பக்தி மேல் போகவில்லை. அந்த விரல் மேல்தான் போகிறது. கொடுக்காத வித்தைக்குக் கூலி வாங்குவது எந்த ஊர் நியாயம்?

அதற்கு நேர் எதிரான கதை ஒன்று பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. கேரளாவில் வடகரையைச் சேர்ந்த ராகவன் குருக்களைச் சாதியைச் சொல்லிக் களரியில் சேர்க்க மறுத்தார்கள். அவர் யாரிடமும் கெஞ்சவில்லை. 1949-இல் கடத்தநாடன் களரி சங்கத்தைத் தொடங்கினார். எந்தச் சாதி, எந்த மதம், ஆணா பெண்ணா என்று பார்க்காமல் கதவைத் திறந்து வைத்தார். அங்கே இவ்வளவு என்று கட்டணம் கிடையாது. மாணவர்கள் தங்களால் முடிந்ததைத் தட்சணையாக வைத்தால் போதும். ஏழு வயதில் களரிக்குள் கால் வைத்த மீனாட்சி என்ற சிறுமி, பின்னால் அவருக்கே மனைவியானார். அவர் மறைந்த பிறகு அந்தக் களரிக்கே குருக்கள் ஆனார். 2017-இல் அந்த மீனாட்சி அம்மாவுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மறுக்கப்பட்டவர் திறந்த கதவு அது. விரல் கேட்காத குருவின் வித்தை எத்தனை காலம் நிற்கிறது, பாருங்கள்!

கராத்தே படிக்கிற நண்பர்கள் ‘ஷோடோகான்’ என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். ஒகினாவா தீவிலிருந்து 1922-இல் டோக்கியோ வந்த கிச்சின் புனகோஷி, ஆரம்பத்தில் ஒரு மாணவர் விடுதியில் தங்கி, அங்கே கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்துக்கொண்டுதான் கராத்தே சொல்லிக் கொடுத்தார். பின்னால் அவருடைய மாணவர்களும் ஆதரவாளர்களும் பணம் திரட்டிப் பயிற்சிக் கூடம் கட்டினார்கள். ‘ஷோடோ’ என்பது அவருடைய புனைபெயர். ‘ஷோடோகான்’ என்று வாசலில் பலகை மாட்டியதும் அவர்கள்தான். 1945-இல் போர்க் குண்டுவீச்சில் அந்தக் கூடம் அழிந்தது. கட்டடம் போச்சு, உறவு போகவில்லை. மாணவர்கள் மறுபடியும் கூடினார்கள். அவர் 1957-இல் இறந்தார். அந்தப் பெயர் இன்னும் உலகம் முழுக்க இருக்கிறது.

இனி நம் கதைக்கு வருவோம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. நல்லதுதான், நானும் சந்தோஷப்படுகிறேன். ஆனால் கூடவே ஒரு புதுப் பழக்கமும் வந்திருக்கிறது. ஆறு மாதம் வருவது, சர்டிபிகேட் வாங்குவது, அத்தோடு ஆசானை மறந்துவிடுவது. “ஃபீஸ் கட்டினோம், கத்துக்கிட்டோம், கணக்கு முடிஞ்சது” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

கணக்குப் பார்ப்பது தப்பில்லை நண்பா. பயிற்சியாளருக்கும் வயிறு இருக்கிறது, ஃபீஸ் வாங்கட்டும். ஆனால் கணக்கை முழுசாகப் பார். எங்கள் வரதராஜன்பேட்டைப் பக்கம் முந்திரிக்காடு அதிகம். எனக்குக் கம்பு சொல்லிக் கொடுத்த ஆசான் பகலெல்லாம் முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு திடலுக்கு வருவார். காசு வாங்கமாட்டார். “ஸ்கூலுக்கு மட்டம் போட்டா கம்பைத் தொடக் கூடாது” என்பது ஒன்றுதான் அவர் போட்ட சட்டம். கம்பு ஆசையில் பள்ளிக்குப் போனவன் நான். போனதால் பத்தாவது பாஸானேன். பாஸானதால் இன்று இந்த மலரில் எழுதுகிறேன். இதை எந்த ஃபீஸில் கழிப்பது?

அவரிடம் படித்த அண்ணன்கள் பலர் இன்று வெளியூரில், வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு வந்தால் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். நான் ஒரு நாள், “உங்களுக்கு என்ன செய்யணும் ஆசானே?” என்று கேட்டேன். “எனக்கு ஒண்ணும் வேணாம்பா. எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குது. வர்றப்ப நாலு சின்னப் பசங்களுக்குக் காலடி வச்சுக் காட்டிட்டுப் போ” என்றார்.

என் கருத்து இதுதான். குருபக்தி என்பது காலில் விழுவதில் இல்லை, விரலை வெட்டிக் கொடுப்பதிலும் இல்லை. வாங்கியதை அடுத்தவன் கையில் கொடுப்பதில் இருக்கிறது. நாமெல்லாம் டிப்ளமோ முடித்து ஒரகடம், ஓசூர் என்று ஷிஃப்ட் வேலைக்குப் போகப்போகிறவர்கள். லீவில் ஊருக்கு வரும்போது ஒரு சாயந்திரத்தை உங்கள் ஆசானின் திடலுக்குக் கொடுங்கள். கராத்தேயோ, சிலம்பமோ, குத்துச்சண்டையோ, எதுவானாலும் சரி. மாணவர் மன்றமும் ஒன்று செய்யலாம். கலை விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக யார் யாரையோ தேடிப் போகிறோம். ஒரு வருஷமாவது பக்கத்து ஊர்ச் சிலம்ப ஆசான் ஒருவரை மேடையில் உட்கார வைக்கலாமே!

பொன்னாடை பெட்டியில் மடிந்து கிடக்கும். திடலில் ஒரு பொடியன் சுற்றும் கம்புதான் ஆசானுக்குக் கண் நிறையும்.



— இயந்திரவியல் துறை, இரண்டாம் ஆண்டு மாணவன், வரதராஜன்பேட்டை