கடலடி ரோபோவும் குப்பத்துப் பிள்ளைகளும்

விஞ்ஞானம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வட சென்னைக்குப் புதியதல்ல. இன்று அது புதிய வடிவத்தில் நம் வாசலில் வந்து நிற்கிறது.

2025 ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும், எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு யந்திரத்தை நீரில் இறக்கிச் சோதித்தார்கள். அதன் பெயர் மத்ஸ்யா 6000. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கிப் பத்திரமாக மேலே கொண்டுவர வேண்டும் என்ற நோக்கத்துடன் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அதை உருவாக்கி வருகிறது. அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 600 கிலோ பாரம் அழுத்தும். இந்த வேலையும் அடங்கிய ஆழ்கடல் திட்டத்துக்கு 2021-ல் மத்திய சர்க்கார் அனுமதித்த தொகை 4,077 கோடி ரூபாய். நம் நாட்டு விஞ்ஞானிகள் பொதுத்துறையில் செய்யும் இந்த முயற்சியை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். எண்ணூர்க் குப்பங்களிலும், திருவொற்றியூர்த் தொழிலாளர் குடியிருப்புகளிலும், ராயபுரம் சந்துகளிலும் வளரும் பிள்ளைகள் இந்த யந்திரத்தின் பக்கத்தில் எந்த வேலையில் நிற்கப் போகிறார்கள்? அதை வடிவமைப்பவர்களாகவா? இயக்குபவர்களாகவா? அல்லது துறைமுக வாசலில் ஒப்பந்தக் காவலாளிகளாகவா?

இதற்கான பதில் கல்லூரியில் தீர்மானமாவதில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஆகவேதான் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கடலடி ரோபோ செய்யப் பழகுவதைப் பற்றி ஒரு தொழிலாளர் பத்திரிகையில் எழுதுகிறோம்.

இது எப்படிப்பட்ட யந்திரம்?

ரோபோ என்றதும் மனித உருவப் பொம்மையை நினைக்க வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் செய்யும் கடலடி ரோபோ எளிய சாமான். பி.வி.சி. குழாயை அறுத்து ஒரு சட்டம் கட்டுவார்கள். படகில் தேங்கும் நீரை இறைக்கும் 12 வோல்ட் சிறு பம்புகளின் மோட்டாரில் விசிறி பூட்டி மூன்று நான்கு இடங்களில் பொருத்துவார்கள். ஒரு காமிரா, ஒரு விளக்கு, ஒரு பிடிகை. ரேடியோ அலை கடல்நீரில் அதிக தூரம் ஓடாது. ஆகையால் கரையிலிருந்து நீண்ட ஒயர் வழியாகத்தான் அதை ஓட்ட வேண்டும்.

செய்வது எளிது போலத் தோன்றும். தண்ணீரில் போட்டதும் பாடம் ஆரம்பமாகும். ஒன்று, மிதந்துகொண்டே இருக்கும். அல்லது கல்லைப் போல அடியில் போய் உட்காரும். பாரம் மேலே, மிதப்பு கீழே என்று கட்டியிருந்தால் குப்புறக் கவிழும். மோட்டார்த் தண்டு வெளியே வரும் துவாரத்தில் நீர் புகும். ஒயர் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால், பாட்டரியில் 12 வோல்ட் இருந்தாலும் மோட்டாரை அடைவதற்குள் குறைந்துவிடும். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தையும் ஓம் விதியையும் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய பையன், அவை எதற்கென்று முதன்முறையாக அங்கேதான் அறிந்துகொள்கிறான்.

ஆசான்கள் நம்மிடையே இருக்கிறார்கள்

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அமெரிக்காவிலிருந்து நிபுணர் வர வேண்டுமா? தோழர்களே, யோசித்துப் பாருங்கள்.

வலையின் மேல்கயிற்றில் மிதப்பும் அடிக்கயிற்றில் ஈயக் குண்டும் கட்டி, வலை நீரில் நிமிர்ந்து நிற்கும்படி செய்கிறவர் காசிமேட்டு மீனவர். பாரத்துக்கும் மிதப்புக்கும் உள்ள கணக்கு அவர் விரல் நுனியில் இருக்கிறது. தெண்டி என்றும் வண்ணி என்றும் நீரோட்டத்துக்குப் பெயர் வைத்து, எந்த நேரத்தில் எது இழுக்கும் என்று சொல்கிறவரும் அவரே. சுழலும் தண்டைச் சுற்றி நீர் கசியாமல் பாக்கிங் கயிறு திணித்து, கிளாண்டை அளவோடு முறுக்கத் தெரிந்தவர் ஆலையின் பம்பு பிட்டர். கொஞ்சம் அதிகம் முறுக்கினால் தண்டு சூடாகும், குறைந்தால் ஒழுகும் என்பது அவருக்குப் பழகிப்போன விஷயம்.

கிராமத்துத் தோழர்களும் இதில் அந்நியர்களல்ல. நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில், போர்க்குழாய்க்குள் தண்ணீரில் முழுகியபடியே ஓடும் சப்மர்சிபிள் மோட்டார் என்ன? அதுவும் நீரடி யந்திரமே. அதை மேலே இழுத்து, கருகிய சுருளைப் பிரித்து, தண்ணீர் பட்டாலும் கெடாத ஒயரால் மறுபடி சுற்றித் தருகிறவர் உங்கள் ஊர்க் கடைத்தெருவில் இருக்கிறார்.

பள்ளி உபாத்தியாயருக்குப் புத்தகம் தெரியும். தொழிலாளிக்குக் கை தெரியும். இரண்டும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் பிள்ளை முழுமையாகக் கற்பான். கடற்கரைக் குப்பத்தில் பிறந்து, 1923-ல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர், சாதாரண ஜனங்களுக்காகத் தமிழில் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதியதன் காரணமும் இதுதான்.

பாலைவனத்துப் பிள்ளைகள்

இது வெறும் ஆசையல்ல; நடந்த சம்பவமே உண்டு. அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்தில் பீனிக்ஸ் என்ற நகரம். கடலே இல்லாத பாலைவன ஊர். அதன் மேற்குப் பகுதியிலுள்ள கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளியில் மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் நான்கு பேர் 2004-ல் கடலடி ரோபோ ஒன்றைச் செய்தார்கள். பிரெடி லஜ்வார்டி, ஆலன் கேமரன் என்ற இரு ஆசிரியர்கள் வழிகாட்டினார்கள். திரட்டிய பணம் சுமார் 800 டாலர். குழாய் ஒட்டும் பசையின் நாற்றத்தால் யந்திரத்துக்கு "நாற்றம் பிடித்தது" என்றே பெயர் வைத்தார்கள்.

சாண்டா பார்பராவில் நடந்த போட்டியில் கல்லூரிகளுக்கான பிரிவிலேயே போய்ச் சேர்ந்தார்கள். எதிரே உலகப் புகழ் பெற்ற எம்.ஐ.டி. மாணவர்கள், ஒரு பெரிய எண்ணெய்க் கம்பெனி அவர்களுக்குக் கொடுத்த உதவி மட்டுமே 10,000 டாலர். போட்டிக்கு முன் பாட்டரிப் பெட்டிக்குள் நீர் கசிந்தது. கடையிலிருந்து மாதவிடாய்ப் பஞ்சு வாங்கி உள்ளே அடைத்து ஈரத்தை உறிஞ்சச் செய்தார்கள். முதற் பரிசு கார்ல் ஹேடன் பள்ளிக்கே கிடைத்தது, எம்.ஐ.டி. இரண்டாவது.

அந்த ஆசிரியர்கள் செய்தது என்ன? தாங்களே செய்து கொடுக்கவில்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கப் பழக்கினார்கள். எந்த வெப்பமானி சரியாக இருக்கும் என்று பிள்ளைகள் ஒரு தொழிற்சாலைக் கருவி நிபுணருக்கே டெலிபோன் செய்து கேட்டார்கள். அவரும் மதித்துப் பதில் சொன்னார். வழிகாட்டுவது என்பது இதுதான். பையன் திணறும்போது ஸ்பானரைப் பிடுங்கித் தானே முறுக்குகிற ஆசான், அவன் படிப்பைத்தான் பிடுங்குகிறான்.

கதை இதோடு முடியவில்லை. குடியுரிமைப் பத்திரம் இல்லாத மாணவர்கள் அதிகக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற சட்டம் 2006-ல் அரிசோனாவில் நிறைவேறியது. அதன் விளைவாக நால்வரில் ஒருவர் கல்லூரிப் படிப்பையே விட நேர்ந்தது. கோப்பையைக் கொடுத்த நாடு நாற்காலியைக் கொடுக்கவில்லை. திறமை மட்டும் போதாது, உரிமையும் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

நமக்கு இதனால் என்ன?

"கூலிக்கே தகராறாக இருக்கும்போது ரோபோ எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பதிலை எண்ணூரே சொல்லும்.

2023 டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். காரணம், கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் ஏற்பட்ட கசிவு. அதே மாதத்தில் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. 2017 ஜனவரி 28-ல் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை மனிதர்கள் வாளியால் அள்ளினார்கள்.

கடலுக்கடியில் என்ன கிடக்கிறது, குழாய் எந்த நிலையில் இருக்கிறது, கழிமுகத்தின் அடியில் எவ்வளவு சாம்பல் படிந்திருக்கிறது என்பதெல்லாம் கம்பெனியும் அதிகாரிகளும் சொன்னால்தான் நமக்குத் தெரியும் என்ற நிலை ஏன் நீடிக்க வேண்டும்? ஒரு காமிராவும் வெப்பமானியும் நீர் மாதிரி எடுக்கும் புட்டியும் கொண்ட சிறு யந்திரத்தைக் குப்பத்துப் பிள்ளைகளே கழிமுகத்தில் இறக்கி, பார்த்ததை நோட்டில் எழுதி வைக்கட்டும். நாளைக்கு ஒரு விசாரணைக் கமிட்டி முன் நிற்கும்போது நம் கையில் கோஷத்தோடு கணக்கும் இருக்கும்.

"யந்திரம் வந்தால் முழுகி வேலை செய்கிறவன் பிழைப்பு போகுமே" என்ற பயமும் உண்டு. யந்திரம் முதலாளியின் கையில் தனியாக இருந்தால் போகத்தான் செய்யும். கேரளத்தைப் பாருங்கள். சாக்கடைக் குழியில் மனிதனை இறக்குவதற்குப் பதிலாக இளம் என்ஜினீயர்கள் உருவாக்கிய பாண்டிகூட் என்ற ரோபோ 2018-ல் திருவனந்தபுரத்தில் பயனுக்கு வந்தது. அதை இயக்க அங்கே துப்புரவுத் தொழிலாளிகளுக்கே பயிற்சி தரப்பட்டது. நுரையீரலைப் பணயம் வைக்கும் இடத்தில் யந்திரம் இறங்கட்டும். அதன் கைப்பிடி தொழிலாளியிடம் இருக்கட்டும். நம் கோரிக்கை இதுதான்.

செய்ய வேண்டியது

மத்திய சர்க்காரின் நிதி ஆயோக் 2016 முதல் "அடல் டிங்கரிங்" என்ற பெயரில் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்து, பத்தாயிரத்துக்கும் அதிகமான பள்ளிகளில் தொழிற்கூடம் அமைத்திருக்கிறது. 2025 பட்ஜெட்டில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 அமைப்பதாக அறிவித்தது. சாமான் வாங்கப் பணம் உண்டு. கற்றுத்தருகிறவர்களோ பெரும்பாலும் சம்பளமில்லாத தொண்டர்கள். சாமான் தானாகப் பாடம் சொல்லாது. பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டு, அதிகாரி வரும் நாளில் மட்டும் திறந்து காட்டுவது படிப்பாகாது.

ஆகவே நாம் கோருவது:

வட சென்னையின் அரசு, மாநகராட்சி உயர்நிலைப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் தொழிற்கூடமும், அதற்கென்று சம்பளம் பெறும் நிரந்தரப் பயிற்சி ஆசிரியரும் வேண்டும்.

மாலை நேரத்தில் வந்து சொல்லித்தரும் பிட்டர், வைண்டர், படகு மெக்கானிக், மீனவர் ஆகியோருக்கு மதிப்பூதியம் வேண்டும். தொழிலாளியின் அறிவைத் தர்மமாக வாங்கக் கூடாது.

தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் என்ஜினீயரிங் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டி நடத்தி வந்திருக்கிறது. அதன் கதவை உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் திறக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குச் சமமான இடம் தர வேண்டும்.

சங்கத் தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. பகுதிக்கு ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியரைப் பாருங்கள். வாரத்தில் ஒரு மாலை போதும். ஒரு எச்சரிக்கையை மட்டும் மறக்க வேண்டாம்: எல்லாம் 12 வோல்ட் பாட்டரியில்தான் நடக்க வேண்டும், வீட்டு மின்சாரத்தைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. முதலில் தண்ணீர்த் தொட்டி, பிறகு குளம், நீந்தத் தெரிந்த பெரியவர் உடனிருந்தால்தான் கழிமுகம்.

இந்தக் கடலை நம் முன்னோர் கட்டுமரத்தில் அளந்தார்கள். இந்தத் துறைமுகத்தை நம் தோள்கள் சுமந்தன. அதன் அடியைப் பார்க்கும் கண்ணும் நம் பிள்ளைகளுடையதாக இருக்கட்டும். அடுத்த சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கூலி, போனஸ் கோரிக்கைகளோடு பள்ளித் தொழிற்கூடக் கோரிக்கையையும் சேருங்கள்.