நின்ற குருதியும் மீண்ட குருதியும்

இரைப்பைக்குப் பின்னே மறைந்து கிடக்கும் சிறியதோர் உறுப்பு, சதையி. உணவைச் சமிபாடடையச் செய்யும் நொதியங்களைக் குடலுக்கும், சர்க்கரையை ஆளும் இன்சுலினைக் குருதிக்கும் அது வழங்குகின்றது. அதற்குச் செல்லும் குருதி சிறிது நேரம் தடைப்பட்டால் என்ன நிகழும்?

வாய்க்கால் அடைபட்டாற் பயிர் வாடும் என்பதை உழவர் அறிவர். சதையியின் கலங்களும் ஒட்சிசன் இன்றி அவ்வாறே வாடுகின்றன. ஆயின், குருதி மீண்டும் பாயும்போதும் கேடு விளைகின்றது என்பதே வியப்பு. திடீரென மடை திறந்தால் வரம்பு உடைவதில்லையா? மீண்டு வரும் ஒட்சிசனிலிருந்து கலங்களைத் தாக்கும் நச்சுப் பொருள்கள் தோன்றுகின்றன. வெண்குழியங்கள் நுண்குழாய்களின் சுவரில் ஒட்டி வழியை அடைக்கின்றன. பெருங்குழாய் திறந்தும் சிறுகுழாய்கள் பல திறவா. காயமுற்ற சதையி தன் நொதியங்களாலே தன்னையே சமித்துக்கொள்ளவுங் கூடும்.

இதனை நோயாளரிடத்தில் ஆராய்தல் அரிது. அவர் வயிற்றுவலியோடு வைத்தியசாலைக்கு வரும்போது, குருதி எப்பொழுது குறைந்தது என்பதை எவரும் அறியார். மயக்கமருந்து கொடுக்கப்பட்ட விலங்கிலோ, நாடியைச் சிறு கவ்வியால் அடைத்த கணமும் திறந்த கணமும் ஆய்வாளருக்குத் தெரியும். காலக்கணக்குக் கையில் இருத்தலே இம்முறையின் பயன். 1948ஆம் ஆண்டில் பொப்பரும் அவர் துணைவரும் நாய்களில் இதனைக் காட்டினர். வீங்கியிருந்த சதையியின் நாடியைச் சிறிது நேரம் அடைத்தபோது, வெறும் வீக்கம் திசுக்களின் அழிவாக மாறிற்று. இன்று பெரும்பாலும் எலிகளே இவ்வாய்வுக்குப் பயன்படுகின்றன.

1966ஆம் ஆண்டு டிசெம்பரில், மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்குச் சதையி மாற்றப்பட்டது. மாற்றப்படும் உறுப்பும் குருதியின்றிக் கிடந்து பின்னர் குருதி பெறுவதே அன்றோ? விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சரும் சதாட்டும் அவர்தம் குழுவினரும் ஆக்கிய கரைசல், 1980களில், நாயின் சதையியைக் குளிரில் 72 மணிநேரம் பழுதின்றிக் காத்தது. அக்கரைசலே பின்னர் மனித உறுப்புகளையும் காத்தது. நீரிழிவால் வருந்திய பலர் புதுவாழ்வு பெற அது துணைநின்றது.

எனினும் எலி மனிதனன்று. அதன் சதையி நம்முடையதுபோல் திரண்டிராது, மெல்லிதாய்ப் பரந்து கிடப்பது. மேலும், காயத்துக்கு முன்னரே எலிக்கு ஊட்டப்படும் மருந்து, நோய் முற்றிய பின் வரும் மனிதருக்கு உதவாது போதல் உண்டு.

ஆகவே மாணவர் ஒன்றை மனத்திற் கொள்க. 1959ஆம் ஆண்டில் ரசல், பேர்ச் என்னும் இருவர் மூன்று நெறிகளை வகுத்தனர். விலங்கின்றி ஆராயக்கூடுமாயின் அவ்வழியே செல்லுதல், இன்றேல் விலங்குகளின் தொகையைக் குறைத்தல், அவற்றின் துன்பத்தைத் தணித்தல் என்பன அவை. வாய்பேசா உயிரிடம் வினா எழுப்புவோன், முதலில் அவ்வினாவைச் செவ்வனே வகுத்தல் வேண்டும். விடை பயன்படாத வினாவுக்காக ஓர் உயிரை வருத்துதல் அறிவுமன்று, அறமுமன்று.