போர்டு மேல பழி, வயர் மேல குற்றம்

மக்களே, இது கொஞ்சம் வயரும் சால்டரும் கலந்த பதிவு. கரண்டுன்னாலே அலர்ஜின்றவங்க கடைசி மூணு பத்தியையாவது படிச்சிருங்க.

அக்கா பையன் திண்டிவனத்துல ரூம் எடுத்துத் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறான். கல்லூரி பேர் வேணாம். லீவுக்கு விழுப்புரம் வந்தப்போ, சார்கிட்ட கேட்டு லேப்ல இருந்த டேட்டா அக்விசிஷன் போர்டையும் ஒரு கே டைப் தெர்மோகப்பிளையும் எடுத்துட்டு வந்திருந்தான்.

"போர்டு அவுட்டு மாமா. ரீடிங்கே வரல."

"அப்ப ரெக்கார்டுல 45, 70, 98னு எழுதியிருக்கே?"

"அது சீனியரோட ரெக்கார்டு மாமா. எல்லாரும் அப்படித்தான்."

திக்குன்னு ஆயிடுச்சு. சரி, வெந்நீர் வைடான்னு உக்காந்தோம்.

முதல் கோளாறு உடனே தெரிஞ்சுது. ரேஞ்ச் ±10 வோல்ட். 12 பிட் போர்டு, அதாவது 20 வோல்ட்டை 4096 படியா வெட்டுது. ஒரு படி 4.88 மில்லிவோல்ட். அறைச் சூடு 30 டிகிரின்னா, கொதிக்கிற தண்ணிக்கு இந்தத் தெர்மோகப்பிள் தர்றதே சுமார் 2.9 மில்லிவோல்ட்தான். ஒரு படி ஏறவே பத்தாது! மூட்டை நிறுக்கிற தராசுல மூக்குத்தி நிறுத்தா முள் எப்படிங்க அசையும்?

ரேஞ்சை ±100 மில்லிவோல்ட்டுக்கு மாத்தினோம். இப்ப ஒரு படி ஏறக்குறைய 1.2 டிகிரி. ஆனா ரீடிங் மெல்ல நகர்ந்து உச்சத்துல போய் ஒட்டிக்கிட்டது. "பாத்தீங்களா, அவுட்டு"ன்னான்.

அதுவும் இல்லை. தெர்மோகப்பிள் எந்த கிரவுண்டோடயும் சேராம அந்தரத்துல தொங்குது. டிஃபரென்ஷியல் இன்புட்ல கசியுற துளி கரண்டுக்குத் திரும்பிப் போக வழியில்லை. அது சேர்ந்து சேர்ந்து இன்புட்டையே மேல தள்ளிடும். மைனஸ் முனையிலருந்து கிரவுண்டுக்கு ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டோம். சிக்னல் அடங்கி நின்னுது. பையன் முகத்தைப் பாக்கணுமே!

போர்டுக்கு ஆயிரக்கணக்குல செலவு. குறையா இருந்தது ஒரு ரூபா சமாச்சாரம்.

வாத்தியாரை மட்டும் திட்ட எனக்கு மனசு வரல. ஒரு போர்டைச் சுத்திப் பத்துப் பேர் நின்னா அவர் என்ன பண்ணுவார்? அதுக்கும் வழி இருக்கு. டெல்லி ஐ.யு.ஏ.சி. 2004ல ஃபீனிக்ஸ் திட்டத்தை ஆரம்பிச்சதே கல்லூரிகளுக்கு மலிவா லேப் கருவி கிடைக்கணும்னுதான். அதுல வந்த எக்ஸ்ப்ஐஸ் கருவியோட டிசைன், மென்பொருள் ரெண்டுமே திறந்து கிடக்கு. நாலு பேருக்கு ஒண்ணு வாங்கிப் போடலாம்.

ஆனா கருவி மட்டும் பத்தாது. என் கட்சி இதுதான்: தப்பா வந்த ரீடிங்குக்கும் மார்க் குடுங்க. "வரல, இதனாலதான் வரல"ன்னு எழுதுறவனுக்கு, அழகாக் காப்பியடிச்சவனைவிட ரெண்டு மார்க் கூடவே குடுங்க. இப்ப நாம கத்துக்குடுக்கிறது அளக்கிறதை இல்லை, அளந்த மாதிரி எழுதுறதை.

திண்டிவனம் போற வழியிலேயே முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை இருக்கு. நாளைக்கு இவன் அந்த மாதிரி ஒரு ஆலையில வேலைக்கு நிப்பான். பாய்லர் சூட்டை எந்தச் சீனியர் ரெக்கார்டைப் பாத்து எழுதுவான்?

என்ன நாஞ்சொல்றது?