ஆமை புகுந்த துறைமுகம்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா" என்பது நம்மவர் பழமொழி. அமீனாவைக் குறித்து எனக்கு அபிப்பிராய பேதமில்லை. ஆமையைக் குறித்த பாதியை மட்டும் ஒரு தை மாதக் காலையில் காசிமேட்டுக் கடலில் கைவிட்டு வந்தேன்.

மீன்பிடித் துறைமுகத்தின் கற்சுவரைத் தாண்டிப் படகு சிறிது தூரமே சென்றிருந்தது. பின்னால் சென்னைத் துறைமுகத்தின் பாரந்தூக்கி யந்திரங்கள். நீரின் மேல் எண்ணெய்ப் படலம். 'இங்கே எந்தப் பிராணி வரப் போகிறது?' என்று நான் எண்ணிய சமயத்தில், படகோட்டி, "வாத்தியாரே, அதோ பாருங்க, பங்குனி ஆமை!" என்று கூவினார். தேங்காய் ஒன்று மிதப்பது போலிருந்தது. மறுகணம் அது தலை நிமிர்த்து மூச்சு வாங்கிற்று, முதுகோடு வெயிலில் பளபளத்தது, மறைந்தது. உடன் வந்த மாணவர்கள் கைகொட்டி ஆரவாரித்தார்கள். நாற்பதைக் கடந்த நானும் கைகொட்டினேன் என்பதை மறைப்பானேன்?

அந்த மூச்சில்தான் அதன் உயிரே இருக்கிறது. கடலில் வாழ்ந்தாலும் ஆமைக்கு நம்மைப் போல் நுரையீரலே உண்டு. இழுவலையில் அகப்பட்டு மேலே வர இயலாவிட்டால் நீரிலேயே மூச்சுத் திணறி மாண்டுபோகும். முட்டையிடக் கரையை நாடிவரும் பருவமே அதற்குக் கண்டம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின.

"வலையை அறுத்தா எங்களுக்கு நஷ்டம், அறுக்காம விட்டா அதுக்குச் சாவு" என்றார் படகோட்டி. அவர் சொன்னதிலும் நியாயமில்லாமல் இல்லை. நஷ்டத்தை ஏழை மீனவர் தலையில் சுமத்திவிட்டு ஜீவகாருண்யம் பேசுவது எளிது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடலாமைக்கு அபயம் அளித்திருக்கிறது. கரைக்கருகே விசைப்படகுகள் இழுவலை போடலாகாதென்று விதியும் உண்டு. ஆமை தப்பியோட வழிவிடும் சாதனத்தை வலையிலேயே பொருத்தவும் இயலும். இவற்றை அமலாக்குவதும், மீனவருக்குக் கைகொடுப்பதும் சர்க்காரின் கடமை.

1988 முதல் சென்னை மாணவர்கள் இரவெல்லாம் கடற்கரையில் நடந்து, முட்டைகளைத் தேடியெடுத்துக் காவலிட்டு, குஞ்சுகளைக் கடலில் சேர்த்து வருகிறார்கள். அக்குஞ்சு வளர்ந்து தாயாகப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். அத்தனை காலம் பிழைத்துப் பிறந்த கரைக்குத் திரும்பும் பெண்ணை வாசலிலேயே மாய்ப்பது எந்த ஊர் உபசாரம்?

ஆமை புகுந்த வீடு கெட்டதை நான் கண்டதில்லை. மனிதன் புகுந்த கடலில் ஆமை உருப்பட வேண்டுமே என்பதுதான் இப்போது என் கவலை.